அக்காவின் கலியாணப் படங்கள் பொல்சானோ போன கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நானே வாசிக்காத ஒரு பக்கத்தை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் இன்னொருவரிடம் கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறேன். அந்த ஒரு பக்கத்தால் எங்கள் குடும்பம் முழுவதும் பலெர்மோவிலிருந்து இத்தாலியின் வடக்கு நுனிக்குப் பறந்து, பனியில் வழுக்கி, ஒரு பெட்டி மந்தரீனோத் தோடம்பழங்களோடு ஒரு நீதிபதிக்கு முன்னால் போய் நின்றது.

நான் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் செய்ததில் பிழை பிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். (வீட்டில் அதைச் சம்பளம் இல்லாமலே செய்கிறேன் என்பது அம்மாவின் முறைப்பாடு.) அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமானபோது எனக்கு இருபத்து மூன்று வயது. வேலையில் சேர்ந்து எட்டு மாதம். உலகத்தில் நடக்கிற எல்லாக் குழப்பங்களுக்கும் காரணம் சரியான பட்டியல் இல்லாததுதான் என்று மனதார நம்பிய காலம் அது.

அத்தான் கனடாவில் இருந்தார். பன்னிரண்டு நாள் லீவில் பலெர்மோ வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போவார்; பிறகு அக்காவை ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவார். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. ஸ்பொன்சர் ஃபைலில் கலியாணப் பதிவுப் பத்திரம் மட்டும் இருந்தால் காணாது; படங்கள் வேண்டும். தாலி கட்டுகிற படம், இரண்டு பக்கத்துப் பெற்றோரும் நிற்கிற படம், சனம் நிறைந்த மண்டபத்தின் படம். பன்னிரண்டே நாள் சேர்ந்திருந்த இருவர் உண்மையாகவே புருசன் பெண்சாதிதான் என்று கனடாவில் ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கும் யாரோ ஒருவர் நம்ப வேண்டும். ஆகவே கலியாண அல்பம் என்பது எங்களுக்கு ஞாபகத்துக்கு வைத்திருக்கும் பொருள் அல்ல. அது சாட்சி.

படமும் வீடியோவும் எடுக்க மிலானோவிலிருந்து நேசன் மாமா வந்தார். (அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவரின் தம்பி. ஒருவரை மாமா என்று கூப்பிட எங்களுக்கு இவ்வளவு உறவு தாராளம்.) இப்படிப்பட்ட அலுவல்களை எங்கள் ஆட்கள் போனில் "வாறியோ தம்பி?", "ஓம் அண்ணை, வாறன்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு ஒப்பந்தம் எழுதவேணும்," என்றேன்.

"ஆரோடை?" என்றார் அப்பா.

"நேசன் மாமாவோடை."

"உனக்கென்ன விசரே? அவன் என்ரை கூட்டாளின்ரை தம்பி."

"அதுக்குத்தான் அப்பா. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தா என்ன செய்யிறது?"

"பிரச்சினை எங்காலை வரும்?"

பிரச்சினை அந்த நேரம் அவருக்கு முன்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தது. அது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

இணையத்தில் தேடியபோது இத்தாலிய மொழியில் அருமையான ஒரு ஒப்பந்த மாதிரி அகப்பட்டது. பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுகிற ஏதோ ஒரு கடையுடையது. விதிகளுக்கு இலக்கம், உபவிதிகளுக்கு எழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துக்கு இடம். பார்க்கவே கண் நிறைந்தது. "பனிச்சறுக்குப் பலகை" என்று வந்த இடமெல்லாம் "கமரா" என்று ஒரே தட்டில் மாற்றினேன். "கடைக்காரர்" வீடியோக்காரர் ஆனார். முதல் ஆறு பக்கங்களிலும் படங்கள் பற்றிய விதிகளைச் சேர்த்தேன். ஏழாவது பக்கத்தின் தலைப்பு "பொது விதிகள்". பொது விதிகள் எல்லாருக்கும் பொதுதானே என்று அதை வாசிக்காமலே விட்டுவிட்டேன்.

மொத்தம் நாற்பத்தொரு விதிகள். கலியாணத்துக்கு முதல்நாள் கபோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் அக்கா ஒரு பக்கமும் நேசன் மாமா மறுபக்கமும் இருந்து கையெழுத்துப் போட்டார்கள். சில முக்கியமான விதிகளைத் தனியாக ஒப்புக்கொள்வதற்கு அடியில் இரண்டாவது கையெழுத்து ஒன்றும் கேட்டிருந்தது. அதையும் நான் விடவில்லை.

"என்ன பிள்ளை, காணி எழுதுறியோ?" என்று கேட்டபடியே மாமா போட்டார்.

கலியாணத்தன்று என்னுடைய அடுத்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. எங்கள் கலியாணங்களில் தாலி கட்டுகிற நேரம் சனம் எழும்பி மணவறையைச் சுற்றி நின்று போனை உயர்த்தும். பிறகு வீடியோவில் மாப்பிள்ளை பொம்பிளை தெரியாது, நாற்பது போன்கள்தான் தெரியும். அதனால் மண்டப வாசலில் கூடைகள் வைத்து, ஒவ்வொரு போனுக்கும் இலக்கத் துண்டு கொடுத்து வாங்கி வைத்தேன். கோயிலில் செருப்பைக் கழற்றி விடுவதுபோல் வந்தவர்கள் எல்லாரும் போனை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒருவரும் தப்பவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூன்றாவது ஏற்பாடுதான் வினை. எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். அறுபத்து மூன்று. தாலி கட்டி முடிந்தது; அறுகரிசி போட்டு வாழ்த்தத் தொடங்கினார்கள். நான் பட்டியலைப் பார்த்தேன். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. நேசன் மாமா மணவறைக்கு அந்தப் பக்கம். மேளச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. அறிவிப்பாளரின் மைக் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"நேசன் மாமா, முப்பத்தோராம் இலக்கம் இன்னும் எடுக்கேல்லை. அம்மா அழுற குளோசப்."

மண்டபம் முழுவதும் சிரித்தது. அழுதுகொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டார். மேளகாரர் சிரித்ததில் தாளம் ஒன்று தவறியது. நேசன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. கமராவைக் கண்ணிலிருந்து இறக்கி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கடைசிவரை நின்று எடுத்தார். மொண்டெல்லோ கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை பொம்பிளையைத் தனியாகவும் எடுத்தார். எல்லாம் முடிந்து பந்தியில் இலை போட்டபோது ஆளைக் காணவில்லை.

"நேசன் சாப்பிடாமல் போட்டான்," என்று அப்பா வந்து சொன்னபோது அவர் முகம் வெளிறியிருந்தது. கலியாண வீட்டில் சாப்பிடாமல் போவது எங்களிடையே வயிற்றோடு சம்பந்தப்பட்ட விடயம் அல்ல.

ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, படம் வரவில்லை. அத்தான் ஒவ்வொரு நாளும் கனடாவிலிருந்து கேட்டார்: "படம் வந்ததோ?" ஃபைலில் மற்ற எல்லாம் தயார். அப்பா நேசன் மாமாவுக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, எனக்கு உங்களோடை ஒரு கோவமும் இல்லை," என்றார் மாமா. "ஆனா நான் கூலிக்கு வந்தவன் இல்லை. சபையிலை வைச்சு என்னை வெக்கப்படுத்தினவள் உங்கடை சின்னவள். அவள் மன்னிப்புக் கேக்கட்டும். அடுத்த நிமிசம் படம் வரும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒப்பந்தத்திலை மன்னிப்பு எண்டு ஒரு விதியும் இல்லை," என்றேன்.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "அபி, ஒரு வார்த்தை கேட்டா உனக்கு என்னடி குறைஞ்சு போகும்? நான் அங்கை போறதோ இல்லையோ?"

"கொள்கை எண்டு ஒண்டு இருக்கு அக்கா."

"உன்ரை கொள்கை கனடாவுக்கு விசா தருமோடி?"

மன்னிப்புக்குப் பதிலாக நான் வேறு வழி தேடினேன். வந்திருந்த விருந்தாளிகள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன்: கலியாணத்தில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா? எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான்: "நீங்கள்தானே பிள்ளை போனை வாங்கி வைச்சனீங்கள்." எப்படியோ ஒரு சின்னப் பிள்ளை ரப்லெட் ஒன்றை உள்ளே கொண்டுபோயிருந்தது. அதில் இரண்டு படங்கள் அகப்பட்டன. ஒன்று பாயாசம். மற்றது அத்தானின் இடது காது.

காதை வைத்துக்கொண்டு கனடாவை நம்ப வைக்க முடியாது. அம்மா காலையில் வேலைக்குப் போகிற வீட்டுக்காரப் பெண்மணி, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவர், ஒரு வக்கீல். அம்மா அவரிடம் சொல்ல, அவர் உதவிக்கு வந்தார். நான் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். சரியாகச் சொன்னால், ஒப்பந்தத்தின் முதல் ஆறு பக்கங்களை மட்டும். (ஏழாவது பொதுவானதுதானே, அவருடைய நேரத்தை ஏன் வீணாக்குவது?)

"எந்த வழக்கிலும் முதல் கேள்வி, அதை எந்த ஊரில் போடுவது என்பது," என்றார் சிஞ்ஞோரா. "சாதாரணமாக எதிராளி இருக்கிற ஊரில் போட வேண்டும். அது மிலானோ. ஆனால் அவர் தொழில் செய்பவர், உன் அக்கா வாடிக்கையாளர். அதனால் வாடிக்கையாளர் வீடு இருக்கிற ஊரில் போடலாம். அது பலெர்மோ. நடந்து போய் நடந்து வரலாம்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. எவ்வளவு ஒழுங்கான சட்டம்!

"ஒன்று மட்டும் சொல்," என்றார். "இன்ன ஊர் நீதிமன்றத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று அவர் ஏதாவது எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கினாரா?"

"இல்லை. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை," என்றேன். அது முழு உண்மை.

பலெர்மோவில் வழக்குக்கு நாள் வந்தது. பெரிய மண்டபம், கூண்டு என்று எதிர்பார்த்துப் போனால் சாதாரண அறையும் ஒரு மேசையும் மட்டும். நீதிபதி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முந்திய வழக்கின் தாள்களுக்குள் அதையே தேடிக்கொண்டிருந்தார். நேசன் மாமா வரவில்லை. அவருடைய வக்கீல் வந்திருந்தார், மிலானோவிலிருந்து வந்த மெலிந்த இளைஞர். எங்கள் சிஞ்ஞோரா கம்பீரமாகத் தொடங்க வாயெடுத்தார். அதற்குள் அந்த இளைஞர் எழுந்து, மிகவும் பணிவாக, "இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் பலெர்மோவுக்கு இல்லை," என்றார்.

"அப்படியென்றால் மிலானோவா?" என்றார் நீதிபதி.

"இல்லை. பொல்சானோ."

நான் பொல்சானோ எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் தேடினேன். ஒஸ்திரியா எல்லைக்குப் பக்கத்தில், எல்லாரும் ஜெர்மன் பேசுகிற, மலையும் பனியுமான ஊர். அதற்கும் எங்களுக்கும் என்ன?

இளைஞர் ஏழாவது பக்கத்தை மேசையில் வைத்தார். நீதிபதி கண்ணாடியைக் கண்டுபிடித்து இறக்கிப் போட்டு உரக்க வாசித்தார். "விதி நாற்பத்தொன்று. எல்லாப் பிணக்குகளுக்கும் பொல்சானோ நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு." கீழே கையெழுத்து. அதற்குக் கீழே இரண்டாவது கையெழுத்து. எவ்வளவு திருத்தமாக வாங்கியிருந்தேன்.

எங்கள் சிஞ்ஞோரா நிறம் மாறினாலும் தளரவில்லை. "இது தொழில் செய்பவர் வாடிக்கையாளர் மீது திணித்த விதி. சட்டப்படி செல்லாது."

"திணித்தது அவர்கள்," என்றார் இளைஞர். "என் கட்சிக்காரர் கையெழுத்து மட்டும்தான் போட்டார்."

நீதிபதி நிமிர்ந்தார். "இந்த ஒப்பந்தத்தை எழுதியது யார்?"

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வகுப்பில் கேள்வி கேட்டால் கை தூக்கிப் பழகிய உடம்பு. என் கை தானாக உயர்ந்தது.

"நீங்கள் பொல்சானோ போயிருக்கிறீர்களா?"

"இல்லை."

"வீடியோக்காரர்?"

"தெரியாது."

"பிறகு ஏன் பொல்சானோ?"

"மாதிரியில் இருந்தது," என்றேன்.

நீதிபதி அதே பக்கத்தை மேலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அவருடைய தோள்கள் மெல்ல ஆடத் தொடங்கின. "விதி முப்பத்தாறு. கமராவைத் திருப்பி ஒப்படைக்கும்போது அதன் அடிப்பாகம் மெழுகு பூசப்பட்டிருக்க வேண்டும்." பக்கத்து அறையிலிருந்து எழுதுநரைக் கூப்பிட்டார், அவரும் கேட்கட்டும் என்று. "விதி முப்பத்தெட்டு. வாடிக்கையாளர் சரிவில் விழுந்து கால் முறிந்தால் வீடியோக்காரர் பொறுப்பல்ல. சிஞ்ஞோரினா, உங்கள் அக்கா தாலி... அந்தச் சடங்கை... எந்தச் சரிவில் செய்தார்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அன்று மத்தியானமே முடிவு வந்தது. வாடிக்கையாளரைக் காக்கிற சட்டம், வாடிக்கையாளர் தனக்குத் தானே தோண்டிக்கொண்ட குழியிலிருந்து அவரைக் காக்காது. பலெர்மோவுக்கு அதிகாரம் இல்லை. மூன்று மாதத்துக்குள் பொல்சானோவில் வழக்கைத் தொடரலாம்.

படியிறங்கும்போது சிஞ்ஞோரா நின்றார். "நீதான் எழுதினாய் என்று என்னிடம் சொல்லவில்லையே."

"நீங்கள் அவர் எழுதினாரா என்றுதான் கேட்டீர்கள்."

அவர் கொஞ்ச நேரம் கடவுளை நோக்கி எதையோ சிசிலிய மொழியில் சொன்னார். எனக்குப் புரிந்தது, எழுத மாட்டேன்.

பெப்ரவரியில் பொல்சானோ போனோம். வெரோனா வரை விமானம், பிறகு ரயில். அக்கா கனடாவுக்கென்று வாங்கி வைத்திருந்த குளிர் உடுப்பை முதல்முறையாகப் போட்டாள். அப்பா பலெர்மோ ஓரத்துச் சியாகுல்லியில் தோட்ட வேலை செய்பவர். அந்த மாதம்தான் அங்கே கடைசி மந்தரீனோ பழுக்கும். ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது ஆருக்கு அப்பா? நீதவானுக்கே? அது லஞ்சம்," என்றேன்.

"ஒரு ஊருக்குப் போகேக்கை கையை வீசிக்கொண்டு போறதோ?" என்றார் அப்பா. "நீ பேசாமல் வா. நீ பேசினது காணும்."

ரயிலால் இறங்கினால் எல்லாப் பலகையிலும் இரண்டு மொழி. நீதிமன்றப் படியில் அம்மா வழுக்கினார். நான் பிடிக்கப் போய் நானும் வழுக்கினேன். உள்ளே விறாந்தையில் நேசன் மாமா மெல்லிய கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவரும் அந்த ஊரை அன்றுதான் பார்க்கிறார். இரண்டு பகுதியும் இரண்டு வாங்கில் எதிரெதிரே இருந்தோம்.

அப்பா பெட்டியைத் திறந்தார். "நேசன், காலமை சாப்பிட்டனியே?"

"இல்லை அண்ணை."

"கலியாணத்தண்டையிலை இருந்து நீ ஒண்டும் சாப்பிடேல்லை எண்டெல்லோ நினைச்சனான்."

மாமா சிரிக்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டார். பிறகு ஒரு பழம் எடுத்தார்.

நீதிபதி வயதான பெண்மணி. ஃபைலை வாசித்துவிட்டு, இதைப் பேசித் தீர்க்க முடியாதா என்று இத்தாலிய மொழியில் கேட்டார். அவருடைய உச்சரிப்பைக் கவனித்த நேசன் மாமா பதிலை ஜெர்மனில் சொன்னார். சரளமான ஜெர்மன்! இத்தாலிக்கு வருமுன் ஏழு வருடம் ஜெர்மனியில் இருந்தாராம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. நீதிபதியின் முகம் மலர்ந்தது. இருவரும் கதைத்தார்கள், சிரித்தார்கள், நடுநடுவே என்னைப் பார்த்தார்கள். பூமிப்பந்தில் நேசன் மாமாவுக்கு வசதியான நீதிமன்றம் ஒன்று இருந்ததென்றால் அதை நான்தான் தேடி எடுத்து, இரண்டு கையெழுத்தும் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"அவர் உங்கள் மன்னிப்பை மட்டும் கேட்கிறார்," என்றார் நீதிபதி என்னிடம். "அது கிடைத்தால் இன்றைக்கே படங்களைத் தருவார்."

அக்கா இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. கையுறை போட்ட விரல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த விரல்களைப் பார்த்தபோது என் கொள்கை எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்தேன்.

"மாமா, சபையிலை வைச்சு உங்களை அப்பிடிச் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நீதிபதி அதை ஜெர்மனில் மொழிபெயர்க்கச் சொன்னார். வேறு யார் இருக்கிறார்கள்? மாமாவே மொழிபெயர்த்தார். நான் சொன்னது இரண்டு வசனம். அவர் மொழிபெயர்த்தது மூன்று நிமிடம். இடையில் ஒருமுறை கைகூப்பியும் காட்டினார். நான் என்னென்ன சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டிஸ்கை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். "எல்லாம் கிடக்கு பிள்ளை." பிறகு என்னிடம்: "முப்பத்தொண்டும் கிடக்கு. நீ மைக்கைத் தூக்க முன்னமே எடுத்திட்டன்."

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல் இருந்தது. பிழை பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், இல்லாத பிழையைப் பிடித்து எல்லாரையும் ஒஸ்திரியா எல்லை வரை இழுத்து வந்திருக்கிறேன்.

நீதிபதி உடன்பாட்டைச் சொல்லச் சொல்ல எழுதுநர் தட்டினார். படங்கள் கொடுக்கப்பட்டன, மன்னிப்பு கேட்கப்பட்டது, வழக்கு முடிந்தது. வாசித்துக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டே வந்த எனக்கு ஒன்று உறுத்தியது. கை தானாக உயர்ந்தது.

"மன்னிக்கவும், இதில் ஒரு விதி விடுபட்டிருக்கிறது. இந்த உடன்பாட்டை யாராவது மீறினால் எந்த ஊர் நீதிமன்..."

மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் மேல் ஒருநாளும் கை வைக்காத என் அப்பா, நீதிபதிக்கு முன்னால், என் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தார். அவர் கையில் மந்தரீனோ மணத்தது. நீதிபதி அவரைப் பார்த்து, இப்படிச் செய்வது வழக்கமில்லை என்றாலும் அனுமதிக்கிறேன் என்பதுபோல் தலையசைத்தார்.

படங்கள் அத்தானுக்குப் போயின. ஸ்பொன்சர் ஃபைலைத் தயாரித்த ஆலோசகர் கனடாவிலிருந்து எங்களோடு வீடியோவில் கதைத்தார். ஏன் படங்கள் இவ்வளவு பிந்தின என்று அலுவலர் கேட்கக்கூடும், காரணம் என்ன என்றார். நாங்கள் ஆளையாள் பார்த்தோம். அக்கா வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னாள்: மைக், மெழுகு, பொல்சானோ, பனி.

"அந்த நீதிமன்றத் தீர்வின்ரை பிரதி உங்களிட்டை இருக்கோ?" என்றார் கடைசியில்.

"ஓம்."

"அதை மொழிபெயர்த்து முன்பக்கத்திலை வையுங்கோ. பொய்க் கலியாணம் செய்யிற சனம் ஆயிரம் படம் எடுக்கும். படத்துக்காக நாட்டின்ரை ஒரு அந்தத்திலை இருந்து மற்ற அந்தத்துக்கு வழக்குப் பேசப் போகாது."

வைத்தோம். நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடாமல் விசா வந்தது. அக்கா இப்போது கனடாவில், அதே குளிர் உடுப்போடு.

பலெர்மோத் தமிழர்களிடையே என் பெயர் பொல்சானோப் பிள்ளை. சியாகுல்லியில் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள், மத்தியானச் சாப்பாட்டில் சண்டை வந்தால், "சரி, பொல்சானோவிலை கதைப்பம்" என்கிறார்களாம். எனக்குச் சம்பந்தம் பேச வந்த ஒரு குடும்பம், நான் எழுதிய தாள் எதிலும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் அம்மா கவலைப்படுவதில்லை. ஸ்பொன்சருக்குக் காத்திருக்கும் பெண்ணைப் பெற்றவர்கள் யாராவது எங்கள் வீட்டுக்கு ஆலோசனை கேட்டு வந்தால், தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, பெரிய அனுபவசாலிபோல் உட்கார்ந்து சொல்கிறார்:

"அல்பம் மட்டும் காணாது. ஒரு வழக்கும் போடுங்கோ. தூரமாப் பாத்துப் போடுங்கோ."